காற்றில் வரும் உலோகத்தைக் கண்டறிய எது ஏற்றது: பாசிச் சுவரா, மரப்பாசியா, பாசிப்பையா, சென்சாரா?

நகரக் காற்றின் மாசைக் கண்காணிக்க உயிருள்ள பாசிச் சுவர் ஒன்றை எழுப்பலாமா என்ற யோசனை நகராட்சிகளிலும் கல்லூரிகளிலும் பெரிய குடியிருப்புகளின் சங்கங்களிலும் எழக்கூடியதுதான். பச்சைச் சுவர் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. பாசி காற்றிலுள்ள உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேலான ஆய்வுகள் சான்றாக உள்ளன. இரண்டும் உண்மை என்றாலும், இவற்றைச் சேர்த்துப் பார்த்து, ஆகவே பாசிச் சுவர் ஒரு நல்ல கண்காணிப்புக் கருவியாகவும் இருக்கும் என்று முடிவு கட்டுவது சரியாகாது. பாசியைக் கொண்டு காற்றை அறிவதற்குப் பல வழிகள் உண்டு. அவற்றுள் அதிகச் செலவும் குறைந்த தெளிவும் கொண்டது சுவர்தான் என்பது என் மதிப்பீடு. அந்த மதிப்பீட்டுக்கான காரணங்களை, மற்ற வழிகளோடு ஒப்பிட்டு இங்கே விளக்குகிறேன். குளத்து நீரில் மிதக்கும் பாசியைப் பற்றி அல்ல, மரப்பட்டையிலும் பாறையிலும் ஈரச் சுவரிலும் மெத்தை போலப் படரும் பாசியைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் பாசிக்கு இந்தத் திறன் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். மற்ற செடிகள் வேரின் வழியாக மண்ணிலிருந்து நீரையும் சத்தையும் எடுத்துக்கொள்கின்றன. அவற்றின் இலைகள்மீது மெழுகுப் படலம் இருப்பதால் இலையில் படிவது எளிதில் உள்ளே போவதில்லை. பாசிக்கு உண்மையான வேர் இல்லை. அதன் இலை பெரும்பாலும் ஒற்றைச் செல் அடுக்காலானது. அதன்மேல் மெழுகுப் படலமும் மிக மெல்லியது அல்லது இல்லவே இல்லை. ஆகவே மழையோடும் பனியோடும் தூசியோடும் வருவதைத்தான் அது உணவாகக் கொள்ள வேண்டியிருக்கிறது. மேலும் அதன் செல் சுவரில் எதிர்மின் தன்மை கொண்ட இடங்கள் நிறைய இருப்பதால், காரீயம், காட்மியம், துத்தநாகம் போன்ற உலோகங்களின் நேர்மின் அயனிகள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. இந்தப் பிணைப்பு உயிரின் செயல் அல்ல, வேதியியல் செயல். பாசி செத்த பிறகும் அது தொடர்ந்து நடக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் சொல்லப்போகும் ஒப்பீட்டுக்கு அதுவே அடிப்படை.

மரத்தில் தானாக வளர்ந்திருக்கும் பாசியைக் கிள்ளி எடுத்து ஆய்வகத்தில் சோதிப்பது முதல் வழி. இதன் வலிமையை அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லாந்து நகரம் உலகுக்குக் காட்டியது. 2013 டிசம்பரில் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்களான சாரா ஜோவன், ஜெஃப்ரி டோனவன் ஆகியோரின் குழு, அந்நகரத் தெருவோர மரங்களில் சாதாரணமாக வளரும் ஆர்த்தோட்ரைகம் லயெல்லி என்ற பாசியை நகரெங்கும் 346 மாதிரிகளாகச் சேகரித்தது. பாசிக்குச் செலவில்லை, ஏணியும் கையுறையும் உறையும் இருந்தால் போதும். ஆய்வகச் சோதனைக்குத்தான் பணம் தேவைப்பட்டது. முடிவுகளை வரைபடத்தில் இட்டபோது காட்மியம் இரண்டு இடங்களில் மட்டும் திடீரென உயர்ந்திருந்தது. இரண்டும் வண்ணக் கண்ணாடி உருக்கும் ஆலைகளின் அருகே இருந்தன. கண்ணாடிக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களைத் தரக் காட்மியம் சேர்மங்களைப் பயன்படுத்துவது அத்தொழிலின் நெடுநாள் வழக்கம். அவ்வாலைகள் சட்டத்துக்கு மறைந்து இயங்கவும் இல்லை. அந்த அளவுள்ள உலைகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு அப்போது இல்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பாசியின் வரைபடத்தைக் கண்ட மாநிலச் சுற்றுச்சூழல் துறை, 2015 அக்டோபரில் அவ்வாலைகளுள் ஒன்றின் அருகே காற்று மாதிரிக் கருவியை வைத்தது. அந்த மாதத்தின் சராசரியில் காட்மியம் ஒரு கன மீட்டர் காற்றில் 29.4 நானோகிராம் (ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) என்று பதிவானது. உடல்நலம் காக்க மாநிலம் தனக்கென வகுத்திருந்த நல அளவோ 0.6 நானோகிராம்தான். அதாவது ஏறத்தாழ 49 மடங்கு. ஆர்சனிக் அதன் நல அளவைப்போல் 159 மடங்கு இருந்தது. 2016 பிப்ரவரியில் செய்தி வெளியானதும் அந்த ஆலை அவ்விரு பொருள்களின் பயன்பாட்டை நிறுத்தியது. தொழிற்சாலைகளின் நச்சு வாயுக்களையும் துகள்களையும் உடல்நல அடிப்படையில் கட்டுப்படுத்தும் புதிய விதிமுறைகளை மாநில அரசு 2018-இல் ஏற்றது. பாசி இடத்தைக் காட்டியது. கருவி அளவைச் சொன்னது. விதி பின்னர் வந்தது. இந்த வரிசையில் பாசிக்குரிய இடம் முதலாவது. அதைக் கடைசி இடத்துக்குத் தள்ளினாலும், கருவியின் இடத்தில் கொண்டுபோய் வைத்தாலும் பயன் கெட்டுவிடும்.

ஏனென்றால் பாசியிலுள்ள அளவு காற்றிலுள்ள அளவு அல்ல. ஒரு கிலோ உலர்ந்த பாசியில் இத்தனை மில்லிகிராம் காட்மியம் இருக்கிறது என்று ஆய்வகம் சொல்லும். அதிலிருந்து மக்கள் சுவாசித்த காற்றில் எத்தனை நானோகிராம் இருந்தது என்று நேரடியாகக் கணக்கிட இயலாது. அந்தப் பாசித்துணுக்கு எத்தனை மாதம் அங்கே இருந்தது, எவ்வளவு வேகமாக வளர்ந்தது, மழை எவ்வளவு பெய்தது என்பவை எல்லாம் அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கின்றன. ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிடுவதற்குப் பாசி சிறந்த சாட்சி. ஒரே இடத்தின் காற்று சட்ட வரம்புக்குள் இருக்கிறதா என்று கேட்டால் அதனிடம் விடை இருக்காது.

ஐரோப்பாவில் இந்த ஒப்பீட்டுத் திறனைப் பல பத்தாண்டுகளாக ஒழுங்காகப் பயன்படுத்தி வருகிறார்கள். 1960-களின் இறுதியில் சுவீடனில் ஓகே ரூலிங், கெர்முண்ட் டைலர் ஆகிய இருவரும் தொடங்கிய முறை, 1990 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கண்டம் தழுவிய கணக்கெடுப்பாக நடக்கிறது. காட்டுத் தரையில் வளரும் பாசியின் கடைசி மூன்று ஆண்டு வளர்ச்சியை மட்டும் வெட்டி எடுக்கிறார்கள். முதன்மைச் சாலைகளிலிருந்தும் ஊர்களிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் குறைந்தது 300 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். 50 மீட்டர்க்கு 50 மீட்டர் பரப்பில் ஐந்து முதல் பத்துத் துணை மாதிரிகள் எடுத்து ஒன்றாகச் சேர்க்க வேண்டும். சேகரிப்பவர் புகைபிடிக்கக் கூடாது. கையுறையில் டால்கம் பவுடர் இருக்கக் கூடாது. இவ்வளவு கண்டிப்பு இருப்பதால்தான் 1990-க்கும் 2010-க்கும் இடையே பாசியிலுள்ள காரீயம் முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது என்று அவர்களால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. காரீயம் கலந்த பெட்ரோலைக் கைவிட்டதன் விளைவை அந்தக் காடுகளின் தரை பதிந்து வைத்திருக்கிறது. ஆனால் சாலையிலிருந்து 300 மீட்டர் தள்ளிப் போ என்னும் முறையை நகரத்தின் நடுவே அப்படியே கையாள முடியாது. நகரத்துக்குப் போர்ட்லாந்தின் மரப்பாசி முறைதான் பொருந்தும்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். கொடைக்கானலில் பாதரச வெப்பமானி செய்த ஆலை 2001-இல் மூடப்பட்டது. அந்த ஆலையால் சுற்றுப்புறத்தில் பாதரசம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை அறிய, ஐதராபாத்திலுள்ள அணுசக்தித் துறையைச் சேர்ந்த ஆய்வு மையத்தின் அறிவியலாளர்கள் ஆலையின் அருகிலும், கொடைக்கானல் ஏரி, பேரிஜம் ஏரி ஆகியவற்றின் கரைகளிலும் உள்ள மரங்களிலிருந்து பாசியையும், பூஞ்சையும் ஆல்காவும் இணைந்து வாழும் உயிரியான லைக்கனையும் சேகரித்துச் சோதித்தார்கள். முடிவுகள் 2003-இல் வெளியாயின. ஆலையை ஒட்டிய மாதிரிகளில் பாதரசம் மிக உயர்ந்தும், தொலைவில் குறைந்தும் இருந்தது. வாயுவாக எழுந்து காற்றில் போய்விட்ட ஒரு நஞ்சு எந்தத் திசையில், எவ்வளவு தூரம் போனது என்பதை ஆலை மூடிய பிறகும் சொல்லக்கூடிய சாட்சி வேறு எது? மலையின் ஈரத்தில் ஆண்டு முழுதும் மரத்தில் ஒட்டியிருந்த பாசிதான் அந்தச் சாட்சியாக இருந்தது. நீலகிரி, ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறை போன்ற ஊர்களில் காற்றைப் பற்றி ஐயம் கொண்டவர்கள் பாசிச் சுவருக்குப் பணம் தேட வேண்டியதே இல்லை. வேண்டிய பாசி மரத்திலேயே இருக்கிறது.

இனிப் பாசிச் சுவருக்கு வருகிறேன். இதன் பெரிய சோதனை ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் நடந்தது. நெக்கார்டோர் என்ற சந்திப்பு, அந்நாட்டின் மிக மாசடைந்த சாலைப் பகுதிகளுள் ஒன்றாக ஆண்டுதோறும் செய்தியில் அடிபட்டு வந்தது. பி.எம். 10 துகள்களின் (பத்து மைக்ரோமீட்டருக்கு மிகாத விட்டமுள்ள நுண்துகள்களின்) அன்றாடச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராமை ஆண்டில் 35 நாள்களுக்கு மேல் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. அங்கே அது ஆண்டுக்கு ஆண்டு மீறப்பட்டது. பான் பல்கலைக்கழகத்தின் பாசியியலாளர் யான்-பீட்டர் ஃப்ராம், நுண்துகளிலுள்ள அம்மோனியம் நைட்ரேட்டைப் பாசி உணவாக எடுத்துக்கொள்கிறது என்று முன்பே ஆய்வகத்தில் காட்டியிருந்தார். அந்த நம்பிக்கையில் 2017 வசந்தத்தில் நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஏறத்தாழ 100 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட பாசிச் சுவரை எழுப்பினார்கள். வெயிலிலும் வாகனக் காற்றிலும் பாசியின் ஒரு பகுதி பழுப்பாகிக் காய்ந்தது. நீர் தெளித்தும் நிழல் கொடுத்தும் பார்த்தார்கள். காற்றிலுள்ள துகளின் அளவில் அளந்து காட்டத்தக்க குறைவு எதுவும் கிடைக்கவில்லை. 2018-இன் இறுதியில் அதே சாலையோரத்தில் மின்விசிறி பொருத்திய வடிகட்டித் தூண்களை நிறுவினார்கள்.

ஸ்டுட்கார்ட் சுவரின் நோக்கம் காற்றைத் தூய்மைப்படுத்துவது, கண்காணிப்பது அல்ல. ஆகவே அதன் தோல்வியை மட்டும் காட்டிச் சுவரைக் கண்காணிப்புக்கும் தகுதியற்றதென்று தள்ளுவது நேர்மையாகாது. ஆனால் அந்தச் சுவர் சந்தித்த சிக்கல்களே கண்காணிப்பை இன்னும் கடுமையாகப் பாதிக்கின்றன என்பதுதான் என் வாதம்.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். சுவரில் நிற்கும் பாசிக்கு மழை நேராகக் கிடைப்பதில்லை. குழாய் வழியாகத்தான் நீர் கொடுக்க வேண்டும். அந்த நீரில் துத்தநாகம் பூசிய குழாயின் துத்தநாகம் இருக்கலாம். செம்புக் குழாயாக இருந்தால் செம்பு இருக்கலாம். பாசி, காற்றிலிருந்து வந்த துத்தநாகத்தையும் குழாயிலிருந்து வந்த துத்தநாகத்தையும் பிரித்து வைக்காது. நீர் கடினமானதாக இருந்தால் அதிலுள்ள கால்சியம் அயனிகள் செல் சுவரின் பிணைப்பிடங்களை நிரப்பி, ஏற்கெனவே ஒட்டியிருந்த உலோகங்களை வெளியே தள்ளும். தெளிக்கும் நீர் இலைமேல் படிந்த தூசியை வழித்துக்கொண்டு வடிகாலில் சேர்க்கும். சென்னையின் பல பகுதிகளில் ஆழ்குழாய் நீர் எவ்வளவு உப்பும் கடினமும் உடையது என்பது அங்கே வாழ்வோருக்குத் தெரியும். ஸ்பேக்னம் போன்ற பாசி வகைகளுக்குக் கால்சியம் மிகுந்த நீரே ஆகாது. சுத்திகரித்த நீரைக் கொடுக்கலாம் என்றால், பாசியை உயிரோடு வைத்திருக்க ஆண்டு முழுதும் அதற்கென ஒரு நீர்ச் சுத்திகரிப்புக் கருவியும் ஆளும் வேண்டும்.

வளர்ச்சி அடுத்த சிக்கல். உயிருள்ள பாசி மழைக்காலத்தில் வேகமாக வளரும், கோடையில் நின்றுவிடும். ஒரே அளவு காட்மியம் படிந்தாலும், அதிகம் வளர்ந்த பாசியின் ஒரு கிராமில் அது குறைவாகவே தென்படும். இதனால் நவம்பரில் காற்று நல்லதாகவும் மே மாதத்தில் கெட்டதாகவும் சுவர் சொல்லக்கூடும். உண்மையில் காற்று மாறாமலே இருந்திருக்கலாம். பாசி படரும் பாய், அதைப் பிடித்திருக்கும் கம்பி வலை, சட்டத்தின் பூச்சு, அடியிலிடும் ஊட்டம் ஆகியவையும் தத்தம் உலோகங்களைக் கொடுக்கின்றன. சந்தையில் வரும் சில சுவர்களில் காற்றை உள்ளிழுக்க விசிறி இருக்கிறது. விசிறி வைத்தால் அந்தச் சுவர் தன் அருகிலுள்ள காற்றின் இயல்பான ஓட்டத்தையே மாற்றுகிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சுவர் என்பது ஓர் இடம். போர்ட்லாந்தின் பயன் 346 இடங்களிலிருந்து வந்தது. ஒரே சுவருக்குச் செலவிடும் தொகையில் நூற்றுக்கணக்கான மாதிரிகளைச் சோதிக்கலாம் என்னும்போது, ஓரிடத்து ஒற்றைச் சுவரால் மாசின் ஊற்று எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்லவே முடியாது.

அப்படியானால் சுவருக்கு எந்தப் பயனும் இல்லையா என்றால், உண்டு. பாசியின் நிறமும் ஒளிச்சேர்க்கைத் திறனும் வறட்சியாலும் நைட்ரஜன் மாசாலும் மாறுகின்றன. ஜப்பானில் டோக்கியோ பெருநகரப் பகுதியின் மேற்கிலுள்ள ஹாச்சியோஜி நகரில் நடந்த ஆய்வு, நகரத்துப் பாசிகளின் வகைகளும் நிலையும் நைட்ரஜன் மாசையும் வறட்சியையும் எவ்வாறு காட்டுகின்றன என்பதை ஆராய்ந்தது. அவை தானாக வளர்ந்த பாசிகள் என்றாலும், கேமராவையும் ஒளிர்வு அளக்கும் கருவியையும் வைத்துச் சுவரின் நலத்தை ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்யும் பல்கலைக்கழகத் துறை ஒன்று அதிலிருந்து பயனுள்ளதைக் கற்க முடியும். மாணவர்களுக்குக் காற்றைப் பற்றிப் பேச அது நல்ல இடம். இந்த இரண்டு நோக்கங்களுக்காக வாங்குவோர் தாராளமாக வாங்கலாம். கண்காணிப்பு நிலையம் என்ற பெயர்ப்பலகையை மட்டும் அதில் மாட்டக் கூடாது. ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அலுவலக வரவேற்பறைகளில் பாசிச் சுவர் என்று விற்கப்படுவனவற்றுள் பெரும்பகுதி உயிரற்றது. கிளிசரினில் ஊறவைத்துச் சாயமேற்றப்பட்டது. அதிலும் மென்மையான புதர் போலத் தெரிவது பாசியே அல்ல, வடதுருவப் பகுதியின் ரெயின்டீர் மான்கள் தின்னும் லைக்கன். நீர் வேண்டாம், பராமரிப்பு வேண்டாம் என்று விற்பனையாளர் சொன்னால் அது இந்த வகைதான். அதனால் காற்றைப் பற்றி எதுவும் அறிய முடியாது.

மரத்தில் பாசி இல்லாத ஊருக்குப் பாசிப்பை இருக்கிறது. 1971-இல் வேல்ஸ் நாட்டின் சுவான்சி பள்ளத்தாக்கில், உலோக உருக்காலைகளைச் சுற்றியிருந்த காற்றை அறிய குட்மன், ராபர்ட்ஸ் என்ற இருவர் நைலான் வலைப்பைகளில் பாசியை நிரப்பித் தொங்கவிட்டார்கள். அந்த எளிய வேலை இன்று நன்கு வகுக்கப்பட்ட முறையாக வளர்ந்திருக்கிறது. 2012 முதல் 2015 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்த மாஸ்குளோன் திட்டம், ஸ்பேக்னம் பாசியின் ஒரே குளோனை (ஒரே செடியிலிருந்து பெருக்கிய, மரபில் வேறுபாடற்ற நகலை) ஆய்வகக் கலன்களில் வளர்த்து, எல்லாப் பைகளிலும் ஒரே தன்மையுள்ள பாசி இருக்கும்படி செய்தது. காட்டிலிருந்து எடுத்த பாசியில் தொடக்கத்திலேயே இருக்கும் உலோகம் இடத்துக்கு இடம் வேறுபடும். ஆய்வகக் குளோனில் அது மிகக் குறைவு, எங்கும் ஒரே அளவு.

பையைத் தயாரிக்கும் விதத்தை அருகிலிருந்து பார்த்தால் சுவரிலிருந்து அது எவ்வளவு விலகி நிற்கிறது என்பது புரியும். பாசியைத் தூய நீரில் பலமுறை கழுவி, இடுக்கியால் பட்டைத் துணுக்குகளையும் பூச்சிகளையும் நீக்கி, அடுப்பில் உலர்த்திக் கொன்றுவிடுகிறார்கள். வளர்ச்சியால் வரும் குழப்பம் அத்தோடு தீர்ந்தது. பிணைப்பிடங்களோ செத்த செல் சுவரிலும் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொரு பையிலும் எடைபோட்ட சில கிராம் பாசி. நான்கு பக்கக் காற்றும் ஒரே போல் படும்படி பை உருண்டையாக இருக்கிறது. வலையும் கட்டும் கயிறும் நைலான், உலோகக் கம்பி கூடாது. விளக்குக் கம்பத்தில் ஆள் உயரத்துக்கு மேல் கட்டி, சில வாரங்கள் விட்டுவிட்டுக் கழற்றி எடுக்கிறார்கள். ஓரிடத்தில் மூன்று பைகளாவது வைக்க வேண்டும்; ஒன்றுக்கொன்று முரண்பட்டால் தெரியவேண்டும் என்பதற்காக. சில பைகளைத் திறக்காமலே ஆய்வகத்தில் வைத்திருந்து, தொங்கவிட்ட பையிலுள்ள அளவிலிருந்து அவற்றின் அளவைக் கழிக்கிறார்கள். இந்தியாவிலும் குமாவோன், மசூரி மலைப்பகுதிகளில் பாசியை இவ்வாறு இடம் மாற்றி வைத்து உலோகப் படிவை ஆராய்ந்திருக்கிறார்கள்.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர, வெப்ப நகரங்களில் பாசிப்பைக்குச் சில வரம்புகள் உண்டு. வறண்ட பாசி ஈரப் பாசியைவிடக் குறைவாகவே பிடிக்கும். ஆகவே ஏப்ரலில் தொங்கவிட்ட பையை நவம்பரில் தொங்கவிட்ட பையோடு ஒப்பிடக் கூடாது. எல்லா இடங்களிலும் ஒரே வாரங்களில் கட்டி, ஒரே வாரங்களில் எடுக்க வேண்டும். கடற்காற்றில் வரும் சோடியமும் மக்னீசியமும் பிணைப்பிடங்களுக்குப் போட்டியிடும்; எண்ணூரில் கடலை ஒட்டிய பையையும் உள்நாட்டுப் பையையும் ஒரே தட்டில் நிறுத்த முடியாது. கடலிலிருந்து ஒத்த தொலைவிலுள்ள, ஆலைகள் இல்லாத ஓர் இடத்தை ஒப்பீட்டுக்காகக் கட்டாயம் சேர்க்க வேண்டும். மழைக்காலத்தில் பழைய மதில்களில் படரும் ஹையோபிலா போன்ற பாசியைச் சுரண்டி எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். அது சுண்ணாம்பிலும் சிமென்ட்டிலும் வேரிழைகளை ஊன்றி நிற்பதால் சுவரின் உலோகமும் அதில் கலந்திருக்கும். என் பார்வையில் அது நம்பத் தகாத மாதிரி.

இவற்றுக்கு எதிரே நிற்பவை மின்னணுச் சென்சார்கள். சில நூறு டாலர் விலையுள்ள பர்ப்பிள்ஏர் போன்ற பெட்டிகளில் சிறு விசிறி காற்றை இழுக்க, லேசர் ஒளி துகள்மீது பட்டுச் சிதறுவதை வைத்துப் பி.எம். 2.5 (2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத நுண்துகளின் அளவு) கணக்கிடப்படுகிறது. சில நிமிடத்துக்கு ஒருமுறை எண் கிடைக்கிறது. பாசியால் ஒருநாளும் தர முடியாதது இந்த வேகம். போகிப் பண்டிகையன்று விடியலில் மாசு எப்படி ஏறி இறங்கியது என்று அறிய விரும்புபவருக்கும், ஆஸ்துமா உள்ள பிள்ளையை இன்று வெளியே விளையாட விடலாமா என்று கேட்கும் தாய்க்கும் சென்சார்தான் வேண்டும். ஈரப்பதம் மிகும்போது துகள்கள் நீரை ஏற்றுப் பருப்பதால் அது அளவைக் கூட்டிச் சொல்லும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதற்கெனவே ஒரு திருத்தச் சமன்பாட்டைப் பயன்படுத்துகிறது. கடலோர நகரத்தில் அப்படிப்பட்ட திருத்தம் இல்லாமல் வரும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. அதைவிடப் பெரிய குறை, அந்தத் துகள் எதனால் ஆனது என்பது லேசருக்குத் தெரியாது என்பதுதான். சமையற்புகையும் காட்மியமும் அதற்கு ஒன்றே. போர்ட்லாந்தில் அந்த ஆலையருகே ஒரு சென்சார் மட்டும் இருந்திருந்தால், காட்மியத்தின் சுவடே அதில் தெரிந்திருக்காது. ஏனெனில் உடலுக்குக் கேடு செய்யும் காட்மியத்தின் எடை, மொத்தத் துகளின் எடையில் மிக மிகச் சிறு பங்கு.

பீட்டாக் கதிர் கொண்டு துகளின் எடையை மணிதோறும் அளக்கும் அரசு நிலையக் கருவிகள் பல லட்சம் ரூபாய் மதிப்புள்ளவை. அவற்றின் எண் சட்டத்தின் முன் நிற்கும். ஆனால் அவையும் உலோகத்தைப் பிரித்துக் காட்டுவதில்லை. உலோகத்தை அறிய, காற்றை வடிதாளில் இழுத்து, அந்தத் தாளை ஆய்வகத்தில் கரைத்துச் சோதிக்க வேண்டும். 2009-இல் அறிவிக்கப்பட்ட நமது தேசியக் காற்றுத் தர அளவுகளில் காரீயம், ஆர்சனிக், நிக்கல் ஆகிய மூன்று உலோகங்களே இடம்பெற்றுள்ளன. ஆர்சனிக்குக்கு ஆண்டுச் சராசரி வரம்பு 6 நானோகிராம், நிக்கலுக்கு 20 நானோகிராம். காட்மியம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் இல்லாத நஞ்சை யாரும் வழக்கமாக அளப்பதில்லை. ஒரே மாதிரியிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட தனிமங்களைச் சோதித்துவிடக்கூடிய பாசிமுறைக்கு நம் நாட்டில் கூடுதல் தேவை இருப்பதாக நான் கருதுவதற்கு இதுவே காரணம். நைட்ரஜன் டை ஆக்சைடு மட்டும் தெரிய வேண்டுமென்றால், இங்கிலாந்தின் உள்ளாட்சிகள் விளக்குக் கம்பங்களில் மாட்டும் சிறு பிளாஸ்டிக் பரவல் குழாய்கள் போதும். அதற்குப் பாசி தேவையில்லை.

ஆகவே தேர்வு செய்பவர் முதலில் தன் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது. பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயம் உருக்கும் பட்டறையின் அருகே வாழ்வோரின் கேள்வி, இந்தப் புகையில் என்ன இருக்கிறது, எதுவரை போகிறது என்பதாகத்தான் இருக்கும். அவர்களுக்கு என் பரிந்துரை: ஊர் மலைப்பாங்கானதாக இருந்தால் மரப்பாசி, சமவெளியாக இருந்தால் பாசிப்பை, இருபது முப்பது இடங்கள், காற்று வீசும் திசையில் அடர்த்தியாகவும் மற்றத் திசைகளில் சற்று விலக்கியும். நெடுஞ்சாலையோரப் பள்ளியின் கேள்வி எந்த நேரத்தில் பிள்ளைகளை மைதானத்தில் விடலாம் என்பதாக இருந்தால், இரண்டு சென்சார்களை வாங்கி, அவற்றைச் சில வாரங்கள் அரசு நிலையத்தின் அருகே வைத்து ஒப்பிட்டுக்கொள்வதே போதும். நகராட்சி ஒன்றிடம் பாசிச் சுவருக்கான தொகை ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தால், அதை முதலில் வரைபடம் தயாரிக்கப் பயன்படுத்தச் சொல்வேன். எந்த இடம் மோசம் என்று தெரிந்த பின் அங்கே மக்கள் பார்க்க ஒரு சுவர் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. சியாட்டில் நகரின் டுவாமிஷ் பள்ளத்தாக்கில் 2019-இல் அப்பகுதி இளைஞர்களே பயிற்சி பெற்றுத் தெருமரங்களின் பாசியைச் சேகரித்தார்கள். அவர்கள் எடுத்த மாதிரிகள் வல்லுநர் எடுத்தவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டன. தன் தெருவின் மரத்தைத் தானே தொட்டுக் கிள்ளி எடுத்த ஒருவர் அந்த முடிவைக் கேட்காமல் விடமாட்டார். எந்த அலங்காரச் சுவரும் அந்த ஈடுபாட்டைத் தராது.

சேகரிக்கும்போதே செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு மாதிரியையும் ஆய்வகத்துக்கு முழுவதும் அனுப்பிவிடக் கூடாது. பாதியைத் தாழ்வெப்பத்தில் உலர்த்தி, காகித உறையில் இட்டு, இடம், தேதி, மரம், உயரம், சேகரித்தவர் கையொப்பம் ஆகியவற்றை எழுதி ஒட்டிப் பாதுகாப்பாக வைக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் வரைபடத்தைக் கொடுக்கும்போது, உயர்ந்த அளவு காட்டிய இரண்டு மூன்று இடங்களில் வடிதாள் மாதிரிக் கருவியை ஒரு மாதம் வைத்து உலோகங்களைச் சோதிக்க வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்க வேண்டும். ஆலைத் தரப்பு முடிவை மறுத்தால், அந்த உறையிலுள்ள மீதிப் பாசியை அவர்களே தேர்ந்தெடுக்கும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.